மட்டாஞ்சேரியில் ஒரு ஜோடி மாதுளை

கொச்சியிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் சில ரூபாய்தான் செலவு. அங்கிருந்து மட்டாஞ்சேரி யூதர் தெருவுக்கு ஆட்டோக்காரர் வாங்கியது 200. "சும்மா பாத்துட்டு வாங்க சேச்சி" என்று வழியில் இரண்டு மசாலாக் கடைகளில் வேறு நிறுத்தினார். அவருக்குக் கமிஷன், எனக்கு முக்கால் மணி நேரம் வீண். போய் இறங்கினால் பரதேசி ஜெப ஆலயம் பூட்டியிருக்கிறது. சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள். தினமும் அங்கே ஓட்டுகிறவர் ஏறும்போதே சொல்லியிருக்கலாம். அறைக்கு இன்னொரு நாள் வாடகை, 900 ரூபாய் தண்டம்.

ஞாயிறு காலை முதல் ஆளாக நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலடியில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், தலைக்கு மேல் கண்ணாடி விளக்குகள், நடுவில் பித்தளைக் கம்பி வைத்த மேடை. 1568-இல் எழுந்த கோயில். எங்கு தேடினாலும் வணங்க ஒரு சிலை கிடையாது. ஜெருசலேம் இருக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு பேழை, அதற்குத் திரை. உள்ளே தோரா, அதாவது யூதர்களின் வேதம் எழுதிய சுருள்கள்.

நம் ஊரில் உற்சவருக்குச் செய்கிற அலங்காரத்தை எல்லாம் இவர்கள் வேதத்துக்குச் செய்கிறார்கள். தோலில் கையால் எழுதிய சுருள், அதற்கு வெள்ளித் தகடு போர்த்திய மரப்பெட்டி, அதன் உச்சியில் கிரீடம். திருவிதாங்கூர் மகாராஜா 1805-இல் கொடுத்த தங்கக் கிரீடம் இந்தக் கோயிலுக்கு உண்டு. திரை விலகவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் அதைப் பார்க்க முடியாதது இன்னும் மனசில் நிற்கிறது.

அந்தக் குறையைத் தெருவில் ஒரு பழம்பொருள் கடை தீர்த்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடி வெள்ளி மாதுளை! உள்ளங்கையில் அடங்கும் உருண்டை, மேலே குட்டிக் கிரீடம், சுற்றிலும் மிளகளவு மணிகள். "ஆட்டிப் பாருங்க சேச்சி" என்று கடைக்காரர் கையில் கொடுத்தார். கொலுசை மெல்ல எடுத்து வைத்த மாதிரி ஒரு சத்தம். தோரா சுருளின் உச்சியில் வைக்கிற அணி இது. ரிம்மோனிம் என்பார்கள், எபிரேயத்தில் மாதுளைகள் என்று பொருள். பழைய ஜெருசலேம் ஆலயத்தின் தலைமை ஆசாரியரின் அங்கி ஓரத்தில் பொன்மணியும் மாதுளையும் மாறி மாறித் தொங்க வேண்டும் என்று தோராவின் யாத்திராகமம் சொல்கிறது. ஆலயம் இடிந்து, ஆசாரியர் இல்லாமல் போன பிறகும் அந்த மணியோசை தோராவோடு கூடவே வருகிறது. மாதுளைக்குள் 613 முத்து, தோராவில் 613 கட்டளை என்பது அவர்கள் மரபு.

பக்கத்திலேயே சாண் நீள வெள்ளிக் கோல், நுனியில் ஆள்காட்டி விரல் நீட்டிய சின்னக் கை. படிக்கிறவரின் விரல் சுருளில் படக்கூடாது, அதனால் இதை வைத்துத்தான் வரி காட்டுவார்கள். அதன் பெயரே யாத், அதாவது கை.

மாதுளை ஜோடி 18,000 ரூபாய். என் மொத்தப் பயணச் செலவே அதில் பாதி வராது. 350 ரூபாய்க்கு ஒரு மெசூசா வாங்கினேன், வாசல் நிலையில் பதிக்கும் சிறு குழல். மேலே ஷின் என்ற எழுத்து, கடவுளின் பெயர்களில் ஒன்றான ஷத்தாயின் முதல் எழுத்து. உள்ளே மறைவசனம் எழுதிய தோல்துண்டு இருக்க வேண்டும், கடையில் விற்பது வெறும் கூடு. இதைக் கேட்டு வாங்குங்கள், யாரும் தானாகச் சொல்வதில்லை.

அப்புறம், வெள்ளி மதியமும் சனியும் போகாதீர்கள்.