மோட்டார் கொட்டகைச் சாவி

"ஐயா, நீங்களே பாத்து ஒரு முடிவு சொல்லிடுங்க."

தஞ்சாவூர்ப் பக்கம் சமரச மையத்துக்கு வருகிற பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்பு கேட்டுப் பழகியவர்கள். முடிவு சொல்லும் அதிகாரம் சமரசருக்குக் கிடையாது, இரு தரப்பையும் பேச வைப்பதுதான் அவர் வேலை என்றால், "அப்ப எதுக்குங்க கோர்ட்டுல இங்க அனுப்புனாங்க?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

அனுப்புவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு. 2002இல் நடைமுறைக்கு வந்தது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் திறந்தார்கள். பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. 40 மணி நேரப் பயிற்சி முடித்து நானும் சமரசரானேன். இருபது வருஷம் குறுக்கு விசாரணை செய்த வாய் 40 மணி நேரத்தில் அடங்கிவிடுமா என்ன?

அடங்கவில்லை என்பது ஓர் அண்ணன் தம்பி வழக்கில் தெரிந்தது. போர்வெல் அண்ணன் பாகத்தில். இலவச மின் இணைப்பு இன்னும் செத்துப்போன அப்பா பெயரில். பாகப் பத்திரத்தில் 'ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர்' என்று எழுதியிருந்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே குறுவை நாற்றங்கால் விடுகிறவர்களுக்கு மோட்டார்தான் உயிர். தம்பி முறையன்று அண்ணன் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார் என்பது வழக்கு.

படித்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ ஃபேஸ் மின்சாரம் அப்போது சில நாள் பகலில் வந்தது, சில நாள் ராத்திரியில் வந்தது. நாள் கணக்கு எப்படிச் சரிப்படும்? மணிக்கணக்கில் பிரித்துக் காகிதத்தில் போட்டு நீட்டினேன். இருவரும் தலையாட்டினார்கள். அடுத்த அமர்வுக்குள் கொட்டகை மறுபடி பூட்டிக் கிடந்தது.

அப்புறம்தான் தனித்தனியாகக் கூப்பிட்டேன். அண்ணன் மஞ்சள் பையிலிருந்து பழைய டைரி ஒன்றை எடுத்தார். உள்ளே வைண்டிங் கடை ரசீதுகள், எண்ணெய்க் கறையோடு. மோட்டாரின் கம்பிச் சுருளை இரண்டு தடவை புதிதாகக் கட்டியிருக்கிறார், கேபிளை ஒரு தடவை மாற்றியிருக்கிறார். தம்பி காலணா தரவில்லை. கேட்டீர்களா என்றேன். "கூடப் பொறந்தவன்கிட்ட பில்ல நீட்ட முடியுங்களா?" என்றவர், "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார்.

வழக்கு மனுவிலோ பதிலுரையிலோ இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கோ வாய்க்குப் பூட்டு. தனியே சொன்னதை அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டமும் ரகசியத்தைக் கறாராகவே காக்கச் சொல்கிறது. பேச்சு முறிந்தாலும் அங்கே பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. அந்தத் தைரியம் இல்லாவிட்டால் டைரி பையை விட்டு வெளியே வந்திருக்காது.

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "மோட்டார் பழுதானா யாரு பாக்குறது?"

"அண்ணன்தான்" என்றார் சட்டென்று. பிறகு மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். நான் பேசவில்லை. பழைய பழக்கத்தில் அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது; தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

"எவ்வளவு ஆச்சுன்னு அவரு கேட்டதே இல்லீங்க" என்றார். "நானும் கேக்கல."

இருவரையும் சேர்த்து உட்கார வைத்தபோது கணக்கைத் தம்பிதான் எடுத்தார். மணிப் பங்கீட்டை அவர்களே போட்டார்கள். என் கணக்கைவிட மோசமானது அது; ராத்திரி முறை தம்பிக்கே கூடுதல். ஒரு வக்கீலாக அதில் பத்து ஓட்டை காட்டுவேன். காட்டவில்லை. பழுதுச் செலவு பாதிப் பாதி, பழைய பாக்கி அறுவடைக்குப் பின்.

ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து படித்துக் காட்டினேன். இதை நீதிமன்றத்துக்கு அனுப்பித் தீர்ப்பாணை ஆக்குவார்கள், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும் என்றேன். கட்டணம் திரும்புவதில்தான் தம்பிக்கு ஏக சந்தோஷம்.

பேனாவை வாங்கிய அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. "சாவி ரெண்டு செட்டுன்னு ஒரு வரி சேத்துக்குங்க" என்றார். சட்டைப் பையில் கைவிட்டுப் புதிதாக வெட்டிய சாவி ஒன்றை மேஜைமேல் வைத்தார். வரும் வழியில் பஸ் ஸ்டாண்டிலேயே வெட்டியிருக்கிறார்.