முதல் மூன்று நாள், பிறகு பதினைந்து பதினைந்து நாள்

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், கூடவே குடியோ கஞ்சாவோ உள்ளவர், கைதானதும் வீட்டில் எல்லோரும் வக்கீலைத் தேடி ஓடுவார்கள். ஓடட்டும். ஒருவர் மட்டும் வீட்டில் நின்று ஆஸ்பத்திரி ஃபைலைத் தேட வேண்டும். கோர்ட்டுக்குத் தெரிகிற நோய், தேதியும் முத்திரையும் உள்ள காகிதத்தில் இருக்கும் நோய் மட்டும்தான். கைதுக்குப் பிறகு அவசரமாக வாங்கிய சான்றிதழைவிட மூன்று வருடத்துக்கு முந்தைய கசங்கிய ஓ.பி. சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மருந்துச் சீட்டு, மருந்துக் கடை பில், மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அது. தொலைந்துபோனதைச் சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கேட்கலாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 25 அந்த உரிமையைத் தருகிறது. ஐந்து செட் ஜெராக்ஸ் எடுங்கள்: ஸ்டேஷன், பரிசோதிக்கும் டாக்டர், மாஜிஸ்திரேட், சிறை, வக்கீல். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், திரும்ப வராது.

ஃபைலுக்கு மேலே ஒரு தாள் வையுங்கள். மருந்தின் கம்பெனிப் பெயர் வேண்டாம், மூலப்பெயரை எழுதுங்கள். சிறையில் வேறு கம்பெனி மருந்துதான் இருக்கும். எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், மாத ஊசி போடுகிறவர் என்றால் அடுத்த ஊசி எந்தத் தேதி. டாக்டருக்கான தாளில் மட்டும் போதை விவரம்: கடைசியாகக் குடித்த நேரம், தினசரி அளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பது. போலீஸுக்குக் கொடுக்கும் செட்டில் அது தேவையில்லை. நோய் இருப்பதைச் சொல்லலாம். சம்பவத்தைப் பற்றி எதையும் எழுதித் தர வேண்டாம். டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்வதும் கூடாது. தினம் நாலு குவாட்டர் குடிக்கிறவரை மானத்துக்காக "எப்பவாவது குடிப்பாருங்க" என்று சொல்லிவிட்டால், வரப்போகும் வலிப்புக்கு அவர் ஏன் மருந்து எழுதப் போகிறார்?

இந்தக் கணக்குதான் முக்கியம். குடியைத் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள். ஆள் இடம் தெரியாமல் பிதற்றும் டெலிரியம் 48 முதல் 96 மணி நேரத்துக்குள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: வலிப்பு ஸ்டேஷனிலோ சிறையின் முதல் இரவிலோ வரும்; டெலிரியம் சிறைக்குள் வரும். அங்கே அவர் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினால் "நடிக்கிறான்" என்பார்கள். டெலிரியம் ஆளைக் கொல்லும். டயஸிபம் அல்லது லோராஸிபம், கூடவே தயமின் என்று வைத்தியம் எளிதுதான். நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனஸிபம், அல்பிரஸோலம் தொடர்ந்து சாப்பிட்டவருக்கும் திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம்.

கைதானவரை அரசு டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 53. (2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது இதுதான், பழைய எண்களையே சொல்லும் வக்கீல்கள் இன்னும் உண்டு.) நடைமுறையில் டாக்டர் பார்ப்பது காயம் இருக்கிறதா என்று. மனநோயை அவராகக் கேட்க மாட்டார், கூட்டம் அப்படி. உள்ளே விட்டால் நேராகச் சொல்லுங்கள்: "சார், நேத்து ராத்திரி பத்து மணிக்குக் கடைசியா குடிச்சாரு. போன தடவை நிறுத்தினப்ப ஃபிட்ஸ் வந்துச்சு. இந்த மாத்திரை சாப்பிடுறாரு. இதை எழுதிடுங்க சார்." விடாவிட்டால் டாக்டருக்கான தாளை உறையில் போட்டு ஒட்டி, கூட வரும் ஏட்டிடம் கொடுத்தனுப்புங்கள்.

மாஜிஸ்திரேட் முன்னால் வக்கீல் கேட்க வேண்டியது ஜாமீன் மட்டுமல்ல. சிறை மருத்துவர் உடனே பார்த்து, இணைத்துள்ள சீட்டின்படி மருந்து தர வேண்டும் என்று ரிமாண்ட் உத்தரவிலேயே ஒரு வரி வாங்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் சிறை வாசலில் மாத்திரைப் பையோடு நிற்பதில் பலனில்லை, வெளி மருந்தை வாங்க மாட்டார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12.

சிறைக் காவல் ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் 15 நாள் நீட்டிக்கப்படும். வக்கீல் பேச மறந்ததை அடுத்த நீட்டிப்பில் பேச வைக்கலாம். மனு போட்டுப் பார்க்கப் போகும்போது "சாப்பிட்டியா" என்பதோடு "என்ன கலர் மாத்திரை, எத்தனை" என்றும் கேளுங்கள். குளோஸபின் சாப்பிடுகிறவருக்கு 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர் உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வாங்கி விழுங்கினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். சிறை டாக்டருக்குப் பதிவுத் தபாலில் இதை எழுதி அனுப்புங்கள், நகல் வக்கீலிடம் இருக்கட்டும்.

வழக்கின் அடிப்படைக்கு வருவோம். இங்கேதான் அதிகக் குழப்பம். மனநோயையும் போதையையும் மருத்துவம் ஒரே கூரையின் கீழ் வைக்கிறது. 2017 சட்டத்தின் மனநோய் வரையறையிலேயே மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைகள் அடக்கம். குற்றவியல் சட்டம் அப்படி இல்லை. பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது) பிரிவு 22, மனநலம் குன்றியதால் செய்வது என்னவென்றோ தவறென்றோ அறிய முடியாத நிலையில் செய்தது குற்றமல்ல என்கிறது. தானே குடித்த போதை அந்தப் பாதுகாப்பைத் தராது. அதனால் எஃப்.ஐ.ஆரில் "குடிபோதையில்" என்ற சொல் விழுந்துவிட்டால், அதற்குள் இருக்கும் மனநோயைத் தோண்டி எடுப்பது தனி வேலை. இரண்டு மாதமாக மாத்திரை நின்றிருந்தது, ஒரு வாரமாகத் தூங்கவில்லை, பக்கத்து வீட்டார் விஷம் வைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் போன்றவற்றைப் பார்த்த சாட்சி வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. சம்பவ நேரத்து நிலைதான் கேள்வி என்றும், முன்னும் பின்னும் நடந்ததை வைத்து அதை முடிவு செய்யலாம் என்றும் 1964இல் தாயாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு பி.என்.எஸ்.எஸ். பிரிவு 367, 368. தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாதவர் என்று டாக்டர் சொன்னால் வழக்கு நிற்கும். உள்நோயாளியாக வைக்க வேண்டியதில்லை, உறவினரோ நண்பரோ தொடர்ந்து ஓ.பி.யில் காட்டுகிறேன், யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றால், ஜாமீனில் விட முடியாத குற்றத்திலும் பிரிவு 369இன்படி வெளியே வரலாம். பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் இது ஆபத்தான கதவு. அசாமில் 1951இல் கைதான மச்சால் லாலுங், விசாரணையே நடக்காமல் 54 வருடம் கழித்து 2005இல்தான் வெளியே வந்தார். ஆறு மாதத் தண்டனைக்குரிய சின்ன வழக்கில் இந்த மனுவைப் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கச் சொல்வோம். முதல் வழக்கு என்றால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழிந்ததும் பிரிவு 479இல் விடுதலை கேட்க முடியும் (மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது).

வீட்டாரே புகார் கொடுத்த வழக்குகள்தான் மனசைப் பிசைவது. "ரெண்டு நாள் உள்ள இருந்தா திருந்துவான்" என்று அப்பா கையெழுத்துப் போடுவார். மூன்றாம் நாள் வாபஸ் கேட்பார். சமரசத்துக்கு இடமில்லாத பிரிவில் எஃப்.ஐ.ஆர். விழுந்தபின் வாபஸ் என்று ஒன்று கிடையாது, ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போக வேண்டும். ஆள் வெறியில் இருக்கும்போது ஸ்டேஷனில் கேட்க வேண்டியது 2017 சட்டத்தின் பிரிவு 100: ஆபத்தான நிலையில் இருக்கும் மனநோயாளியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. மாஜிஸ்திரேட்டே பிரிவு 102இல் 10 நாள் வரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க உத்தரவிடலாம்.

கஞ்சா வழக்கில் எடைதான் தலையெழுத்து. 1 கிலோ வரை சிறு அளவு, ஒரு வருடம் வரை தண்டனை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, ஜாமீனே என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தின் பிரிவு 37இல் சிக்கும். ஹெராயினுக்குச் சிறு அளவு 5 கிராம். சிறு அளவிலோ, உட்கொண்டதற்கான பிரிவு 27இலோ மாட்டியவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் பிரிவு 64ஏ வழக்கிலிருந்தே விலக்கு தருகிறது. அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடமாக இருக்க வேண்டும். பாதியில் ஓடிவந்தால் விலக்கு பறிபோகலாம். ஊருக்கு வெளியே பூட்டி வைக்கும் பதிவில்லா "மறுவாழ்வு மையத்தில்" லட்சம் ரூபாய் கட்டி வாங்கும் சான்றிதழ் இங்கே செல்லாது.

ஜாமீனில் வரும் நாள் அபாயமான நாள். ஹெராயின் எடுத்தவருக்கு உள்ளே இருந்த வாரங்களில் உடம்பின் தாங்கும் திறன் போயிருக்கும். பழைய அளவை முதல் இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தினமும் காலை 10.30க்குக் கையெழுத்து என்று நிபந்தனை இருந்து, ராத்திரி மாத்திரையால் எழ முடியவில்லையென்றால், மாத்திரையை நிறுத்தாதீர்கள். நேரத்தை மாலைக்கு மாற்ற மனு போடுங்கள். வாய்தா நாளில் ஆஸ்பத்திரியில் இருந்தால், நேரில் வராததற்கு விலக்குக் கேட்கும் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 355 மனுவும் அட்மிஷன் சீட்டும் அன்றே கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் பிடிவாரண்ட். அதை ரத்து செய்ய அவரே நேரில் போய் நிற்க வேண்டும், அன்றே உள்ளே போகவும் நேரும்.

சிறு அளவு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானாலும், அவர் சம்மதித்தால் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப என்.டி.பி.எஸ். பிரிவு 39 இடம் தருகிறது. ஒரு வருடத்துக்குள் சிகிச்சையின் பலனைக் கோர்ட்டில் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். டாக்டருக்கு அதற்குள் இடமாற்றம் ஆகிவிடலாம். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே ஓ.பி. நோட்டோடு போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள்.