பதில் சொல்லத் தெரிந்தவள் கேட்கப் பழகிய கதை

2014ஆம் ஆண்டு குடும்ப ஒன்றிணைவு விசாவில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சியிலிருந்து லண்டனுக்கு வந்தபோது, எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும் பொய், தெரியாது என்றாலும் பொய் என்ற நிலையில் இருந்தேன். பாடசாலையில் மூன்றாம் வகுப்பில் தொடங்கிச் சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரை ஆங்கிலம் படித்திருந்தேன். ஒரு பந்தியை வாசித்து அதன் கீழுள்ள கேள்விகளுக்கு விடை எழுத முடியும். வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் வரிசையாகச் சொல்ல முடியும். ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஒருவருடைய முகத்தைப் பார்த்து ஒரு முழு வசனத்தை ஆங்கிலத்தில் கதைத்த நினைவு எனக்கு இல்லை. அகதி அந்தஸ்துப் பெற்றவரின் மனைவியாக வந்ததால் விசாவுக்கு ஆங்கிலப் பரீட்சையும் கேட்கப்படவில்லை.

நாங்கள் குடியிருந்த ஈஸ்ட்ஹாமில் தமிழை மட்டும் வைத்துக்கொண்டே நாட்களைக் கடத்திவிடலாம். மரக்கறிக் கடை, நகைக்கடை, முருகன் கோயில், வார இறுதிகளில் நான் வேலை செய்த பலசரக்குக் கடை என்று எங்கும் தமிழே போதுமாக இருந்தது. நான்கு ஆண்டுகள் அப்படித்தான் போயின. 2018ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் மகளுடைய பள்ளியில் நடந்த பெற்றோர் சந்திப்புக்குத் தனியாகப் போயிருந்தேன். ஆசிரியை ஐந்து நிமிடங்களுக்கு மேல் கதைத்தார். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள்தான் பிடிபட்டன. வெளியே வந்து, “ரீச்சர் என்னம்மா சொன்னவா?” என்று ஆறு வயது மகளிடம் கேட்டேன். “நான் நல்லாப் படிக்கிறனாம்” என்றாள். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லப்பட்ட மற்றவை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பிள்ளையைப் பற்றிய செய்தியை அந்தப் பிள்ளையின் வாயாலேயே கேட்க வேண்டியிருந்ததுதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது.

யூலை மாதத்தில் ஒரு கல்லூரியில் நிலையறியும் சோதனைக்குப் போனேன். இங்கிலாந்தில் பிற மொழி பேசும் வளர்ந்தோருக்கான ஆங்கில வகுப்புகள், 2001இல் அரசு தொடங்கிய ஸ்கில்ஸ் ஃபோர் லைஃப் திட்டத்தின் வழியில் என்ட்ரி 1, 2, 3 என்றும் அதற்கு மேல் லெவல் 1, 2 என்றும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் என்ட்ரி 1 என்பது ஏ1, என்ட்ரி 2 என்பது ஏ2, என்ட்ரி 3 என்பது பி1. எனக்கு வாசிப்பு லெவல் 1 ஆகவும், எழுத்து என்ட்ரி 3 ஆகவும், பேச்சு என்ட்ரி 2 ஆகவும் வந்தன. என்னை என்ட்ரி 2 வகுப்பில்தான் சேர்ப்பார்கள் என்று சொன்னபோது மனம் குறுகிப் போனது. பெயர், முகவரி எழுதப் பழகிக்கொண்டிருப்பவர்களோடு என்னையும் இருத்தப் போகிறார்களே என்று அன்று வீட்டில் அழுதேன். அந்த முடிவு சரியானது என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். இலங்கையில் படித்துவிட்டு வரும் எங்களில் பலருக்கு வாசிப்பு மேலேயும் பேச்சு கீழேயும் நிற்கும். தாளில் எழுதிய சோதனையை மட்டும் பார்த்து மேல் வகுப்பில் போட்டால், அங்கேயும் ஒரு மூலையில் இருந்து எல்லாவற்றையும் சரியாக எழுதிக்கொடுத்துவிட்டு வாய் திறக்காமலே வீடு திரும்புவோம்.

பதிவுக்குக் குடியிருப்பு அனுமதி அட்டையும் முகவரிச் சான்றும் சம்பளத் துண்டுகளும் கேட்டார்கள். வேலை செய்ததால் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியை நானே கட்டினேன். 2019 ஓகஸ்ட் மாதத்தில் வளர்ந்தோர் கல்விக்கான நிதி லண்டன் மேயரின் பொறுப்புக்கு வந்தபின், லண்டன் வாழ்க்கை ஊதியத்தை விடக் குறைவாக உழைப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். இரண்டாம் ஆண்டு நான் ஒன்றும் கட்டவில்லை. நேரத்தைப் பொறுத்தவரை, மூன்று வயது மகனுக்கு அரசு தந்த வாரம் 15 மணி நேர நேர்சரிதான் கைகொடுத்தது. காலை ஒன்பது மணிக்கு அவனை விட்டுவிட்டு ஒன்பதரை வகுப்புக்கு ஓடினால், பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம்.

வகுப்பில் சோமாலியா, ருமேனியா, வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று பல நாட்டவர்கள் இருந்தார்கள். தமிழர் என்று என்னையும் சேர்த்து இருவர். முதல் நாளே மற்றவள் என்னிடம் வந்து, “அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் என்ரை பக்கத்திலை இருந்தால் ரெண்டு பேரும் தமிழிலைதான் கதைப்பம். நான் அங்காலை போய் இருக்கிறன்” என்றாள். அவள் எனக்குச் செய்த உதவிகளில் அதுவே பெரியது. என் பக்கத்தில் வந்து அமர்ந்த சோமாலியப் பெண்ணுக்கும் எனக்கும் ஆங்கிலத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவருக்கு எழுதத் தெரிந்தது குறைவு, ஆனால் தயக்கமின்றிக் கதைப்பார்; எனக்கு அது தலைகீழ். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், நான் எழுதியதை அவர் உரத்துச் சொன்னார். ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு ஒரு தவணை முழுவதும் வாயில் வரவில்லை. “ரீச்சர்” என்றே அழைத்தேன்; அவரும் பொறுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு கற்றவற்றில் மிக முக்கியமானது ஒரு சிறிய பாடம். வைத்தியரின் வரவேற்பு மேசையில் நான் எப்போதும் “ஐ வான்ட் அப்பொயின்ட்மென்ட்” என்றுதான் கேட்பேன், அங்கிருப்பவரின் முகம் இறுகும், காரணம் எனக்கு விளங்காது. ஆசிரியை அந்த வசனத்தைப் பலகையில் எழுதி, அதன் கீழே “குட் ஐ” (Could I) என்று தொடங்கும் ஒன்றையும், “ஐ வாஸ் வொண்டரிங்” என்று தொடங்கும் ஒன்றையும் எழுதினார். மூன்றுக்கும் பொருள் ஒன்று, மரியாதை வேறு என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தமிழில் மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. “தாங்கோ” என்றால் அந்த “ங்கோ”வில் எல்லாம் அடங்கிவிடும், தனியாக ஒரு “தயவுசெய்து” தேவையில்லை. ஆங்கில வினைச்சொல்லில் அதற்கு இடமில்லாததால், மரியாதையை வசனத்தின் தொடக்கத்திலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மனதுக்குள் “தாங்கோ” என்று பணிவாகச் சொல்லிக்கொண்டு வாயால் “தா” என்று நான்கு ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று மறுப்புக் கேள்விக்குச் சொல்லும் பதில். “காய்ச்சல் இல்லையா?” என்றால் நாம் “ஓம், இல்லை” என்போம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் “நோ” என்றே தொடங்க வேண்டும். “யெஸ்” என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், கேட்பவர் காய்ச்சல் இருப்பதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிள்ளைகளை வைத்தியரிடம் கூட்டிச் செல்லும் தாய்மார் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

என் கொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய சொற்களின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பது என் பழக்கம். பூங்காவுக்கும் “பார்க்” என்று எழுதியிருந்தேன், நாய் குரைப்பதற்கும் “பார்க்” என்று எழுதியிருந்தேன். இரண்டும் வெவ்வேறு ஒலியில் தொடங்குபவை, எங்கள் “ப”வோ இரண்டுக்கும் பொது. ஆசிரியை என் உள்ளங்கையை வாய்க்கு முன் பிடிக்கச் சொன்னார். பூங்காவைச் சொல்லும்போது காற்றுக் கையில் பட வேண்டும், குரைப்பைச் சொல்லும்போது படக்கூடாது. அன்றிலிருந்து தமிழ் எழுத்தில் எழுதுவதை விட்டு, சொல்லில் அழுத்தம் விழும் இடத்துக்கு மேலே ஒரு புள்ளி வைக்கப் பழகினேன். பெரிய சொற்களை நான் சொன்னபோது மற்றவர்களுக்கு விளங்காததற்குப் பெரும்பாலும் அழுத்தம் இடம் மாறியதே காரணம் என்பது அந்தப் புள்ளிகளால் தெரியவந்தது.

2019 யூனில் என்ட்ரி 2 முடிந்தது. வாசிப்பு, எழுத்து, பேச்சும் கேட்டலும் என்று மூன்றுக்கும் தனித்தனிப் பரீட்சைகள் உண்டு; மூன்றிலும் சித்தியடைந்தால்தான் முழுச் சான்றிதழ். என்ட்ரி 3இல் பேச்சில் சித்தியடைந்தேன், நான் எளிதென்று நினைத்திருந்த எழுத்தில் தவறினேன். பழுதான ஒரு பொருளைப் பற்றிக் கடைக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நலம் விசாரித்துத் தொடங்கி, பொருளை வாங்கிய கதையை விரிவாகச் சொல்லி, கடைசி வரியில்தான் முறைப்பாட்டை வைத்திருந்தேன், பந்தியும் பிரிக்கவில்லை. இலக்கணப் பிழை அதிகம் இல்லாமலே ஒரு கடிதம் தவறிப்போகக்கூடும் என்பதை அந்தப் பெறுபேறு காட்டியது. ஏன் எழுதுகிறேன் என்பதை முதல் பந்தியிலும், நடந்ததை அடுத்ததிலும், எனக்கு என்ன வேண்டும் என்பதை மூன்றாவதிலும் வைக்கும்படி ஆசிரியை சொல்லித்தந்தார். கொரோனா வந்து கல்லூரி மூடப்பட்ட மாதங்களில், தொலைபேசித் திரையில் வகுப்பைக் கேட்டபடி அப்படி எத்தனையோ கடிதங்களை எழுதிப் பார்த்தேன். கல்லூரி திறந்தபின் அதே பரீட்சையை மீண்டும் எழுதிச் சித்தியடைந்தேன்.

இங்கே படிக்க வருகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கல்லூரி தரும் இந்தச் சான்றிதழ் குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஏற்கப்படுவதில்லை. அதற்கு உள்துறை அமைச்சு அங்கீகரித்த நிலையத்தில் பி1 பேச்சுப் பரீட்சையையும், பிரிட்டனின் வாழ்வு பற்றிய 24 கேள்விப் பரீட்சையையும் தனியே எழுத வேண்டும். இதை முன்கூட்டி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. 2021இல் நான் எடுத்த பேச்சுப் பரீட்சை டிரினிட்டி என்ற பரீட்சை நிறுவனத்தின் ஐந்தாம் தரம். மொத்தம் பத்து நிமிடங்கள்தான். முற்பாதியில் நாமே தெரிந்தெடுத்த ஒரு தலைப்பைப் பற்றிக் கதைக்க வேண்டும். நான் பனையோலைப் பெட்டி இழைப்பதைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் பாடமாக்கிக்கொண்டு போகாதே, இடையில் கேள்வி வந்தால் தொடர் அறுந்துவிடும் என்று ஆசிரியை எச்சரித்திருந்ததால், ஐந்து குறிப்புச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டேன். குருத்தோலையை ஏன் வெயிலில் காய வைக்கிறீர்கள் என்று பரீட்சகர் இடைமறித்துக் கேட்டார். விடை சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் கூடை எதனால் பின்னுவார்கள் என்று நானும் அவரிடம் கேட்டேன். பரீட்சை என்பதையும் மறந்து, அறியும் ஆவலில் கேட்ட கேள்வி அது.

2022 மார்ச் மாதத்தில் மகனுடைய பெற்றோர் சந்திப்பு வந்தது. அவன் நன்றாகச் செய்கிறான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஆசிரியர் முடிக்கப் பார்த்தார். நான் எழும்பவில்லை. எழுத்துக்கூட்டி வாசிப்பதில் எந்த ஒலிகளில் தடுமாறுகிறான், வீட்டில் நான் எதைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று “குட் யூ” என்று தொடங்கிக் கேட்டேன். அவர் கதிரையை மேசைக்கு அருகே இழுத்து, மகனுடைய கொப்பியைத் திறந்து, பிழைவிட்ட இரண்டு சொற்களை விரலால் தொட்டுக் காட்டினார்.