கொழுக்கட்டைப் புல் விதையும் சப்பைத் தண்ணீரும்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு இருக்கிறது. கிளுவை வேலி, உள்ளே நாலைந்து வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். ஒரு மூலை மட்டும் சொட்டையாகிவிட்டது. போன ஆடியில் அங்கே விதை தூவி, போர் தண்ணீரை நாள்தோறும் லேசாகத் தெளித்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பொக்கு என்று விட்டுவிட்டேன். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அடுத்த வாரமே அதே மூலை பச்சையாகிவிட்டது.

"அந்தத் தண்ணி சப்பை கண்ணு, அதுல வெதை வாயே தொறக்காது" என்றார் அப்புச்சி. சப்பை என்றால் எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர். அதை டப்பாவில் வைத்துப் பார்த்துவிடுவது என்று தை மாதம் உட்கார்ந்தேன்.

விதை ஒரு வருடம் பழசு. வேண்டுமென்றே அப்படி எடுத்தேன். இந்தப் புல்லின் புது விதை மாதக்கணக்கில் உறங்கும். அதை எடுத்தால் முளைக்காததற்கு உப்பு காரணமா உறக்கம் காரணமா என்று பிரிக்க முடியாது. கதிரிலிருந்து நாம் உருவுவது சுணை சூழ்ந்த ஒரு சின்னக் கூடுதான். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கேழ்வரகைவிட மெலிசான அரிசி உதிரும். சில கூட்டில் இரண்டு, பலதில் ஒன்றுமே இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன்.

லிட்டருக்கு 3, 6, 9, 12 கிராம் என்று கல் உப்பைப் பொடித்துக் கரைத்தேன். ஒப்பிட, உப்பே இல்லாத பேட்டரி தண்ணீர். ஸ்வீட் டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஒவ்வொரு கரைசலுக்கும் 50 அரிசி.

முதல் தடவை கெட்டுப்போனது. மூடி சரியாகப் பொருந்தாததால் தாள் காய்ந்துகொண்டே இருந்தது. அந்தந்த உப்புத் தண்ணீரையே மறுபடி ஊற்றினேன். ஆறாம் நாள் தாளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. நான் ஊற்ற ஊற்ற அது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. 3 கிராம் டப்பாவில்கூட ஏழெட்டு முளையோடு நின்றுவிட்டது.

இரண்டாம் தடவை டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டினேன். குறைந்த ஈரத்துக்குப் பேட்டரி தண்ணீர் மட்டும் விட்டேன். பன்னிரண்டாம் நாள் கணக்கு: வெறும் தண்ணீரில் 38, 3 கிராமில் 35, 6 கிராமில் 24, 9 கிராமில் 9, 12 கிராமில் ஒன்றே ஒன்று. வெறும் தண்ணீரில் இரண்டாம் நாளே முளை தெரிந்தது. 6 கிராமில் நாலாம் நாள்தான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வேரில்தான் பெரிய வித்தியாசம். வெறும் தண்ணீரில் முளைவேர் இரண்டு சென்டிமீட்டர் ஓடியிருந்தது, மேலெல்லாம் பஞ்சு மாதிரி வேர்த்தூவி. 6 கிராமில் குருத்து பாதி உயரத்துக்காவது வந்திருந்தது. வேர் நாலு மில்லிமீட்டர்தான், நுனி பழுப்பேறி, தூவி அங்கொன்றும் இங்கொன்றுமாக. இப்படி முளைத்தது வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

அப்புறம் 12 கிராமில் முளைக்காமல் கிடந்த 49 அரிசியையும் நன்றாக அலசி வெறும் தண்ணீரில் வைத்தேன். மூன்றே நாளில் 27 முளைத்தன. 9 கிராமில் மிச்சமிருந்த 41-இல் 24. அன்று காலை டப்பாவைத் திறந்தபோது வந்த சந்தோஷம் சின்னதல்ல. அவை சாகவில்லை, தாகத்தில் காத்திருந்திருக்கின்றன. லிட்டருக்கு 6 கிராம் உப்பு கரைந்த தண்ணீரை விதை உள்ளே இழுக்க வேண்டுமானால், கார் டயரில் அடைக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்தை மீற வேண்டும். ஆனால் மீதி 22 எழவே இல்லை. அவற்றில் சில உப்பின் நஞ்சால் செத்தவையாகவும் இருக்கலாம். தாகத்தையும் நஞ்சையும் பிரித்துப் பார்க்க, அதே இழுப்புள்ள சர்க்கரைத் தண்ணீரும் (லிட்டருக்கு 65 கிராம்) வைத்தேன். மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்துவிட்டது.

சரி, எங்கள் போர் தண்ணீர்? கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் லிட்டருக்கு 3,100 மில்லிகிராம். அதாவது கிட்டத்தட்ட என் 3 கிராம் டப்பா. அதில் 35 முளைத்திருக்கும்போது காட்டில் ஏன் ஒன்றுமே வரவில்லை? கெட்டுப்போன முதல் தடவைதான் பதில் சொன்னது. ஆடிக் காற்றில் தெளித்த ஈரம் மதியத்துக்குள் காய்ந்துவிடும், உப்பு மேல்மண்ணில் தங்கும். புல் விதை கிடப்பதும் அந்த ஒரு விரற்கடைக்குள்தான்.

பங்குனியில் அந்த மூலை மண்ணை எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு பேட்டரி தண்ணீர் கலந்து, தெளியவிட்டு அளந்தேன். மேல்மண் 820, ஒரு சாண் கீழே 210. தெளிப்பதை நிறுத்தி மாதக்கணக்காகியும் இவ்வளவு. மழை கீழே இறக்கிவிட்ட உப்பு, வெயிலில் ஈரத்தோடு மறுபடி மேலேறியிருக்க வேண்டும்.

இந்த வருடம் தெளிக்கப் போவதில்லை. புரட்டாசிக் கடைசியில் விதையை மணலோடு பிசறித் தூவி மழைக்கு விட்டுவிடுவேன். 9 கிராம் டப்பாவில் அலசியபின் எழுந்தவற்றில் பத்தைத் தொட்டிக்கு மாற்றினேன். ஏழு பிழைத்திருக்கின்றன, நாலு இலையோடு.