அந்த ஒரு வார்த்தைய விடாம இருந்திருந்தா

6 வருஷமா ஒரே சீன் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. ஃப்ரெண்டு கூட சண்டை, கோவத்துல ஒரு வார்த்தை விட்டுட்டேன், அவன் ஒன்னும் பேசாம எழுந்து போயிட்டான், அதோட சரி. குளிக்கும்போது, பைக் ஓட்டும்போது, தூக்கம் வராதப்பன்னு எப்ப பாரு அது வரும், ஒவ்வொரு தடவையும் நான் அத திருத்தி ஓட்டுவேன், திருத்துன சீன்ல நான் நிதானமா பேசுவேன், அவன் சிரிச்சிருவான். ஏன் சிரிக்க மாட்டான், வசனம் எழுதுறது நான்தானே.

1982ல டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க ஒரு கேள்வி எழுதியிருந்தாங்க. ஒருத்தர் 30 நிமிஷம் லேட்டா வந்து ஃப்ளைட்ட விடுறாரு, இன்னொருத்தர் 5 நிமிஷத்துல விடுறாரு, யாருக்கு வயிறு அதிகமா எரியும்? நஷ்டம் ரெண்டு பேருக்கும் ஒன்னுதான், ஆனா கேட்டவங்க கிட்டத்தட்ட எல்லாரும் 5 நிமிஷக்காரருக்குத்தான்னு சொன்னாங்க, ஏன்னா "அந்த சிக்னல்ல மட்டும் மாட்டாம இருந்திருந்தா"ன்னு அவரால ஈஸியா கற்பனை பண்ண முடியும். எனக்கு சிக்னல் அந்த ஒரு வார்த்தை.

"நடந்தது நடந்து போச்சு, விடு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. எங்க விடுறது? (சொல்றவங்க யாரும் விட்டதில்ல, அது வேற கதை.) எனக்கு கொஞ்சம் உதவுனது ஒரு பேப்பர். அன்னிக்கு ராத்திரி எனக்கு என்ன தெரியுமோ அத மட்டும் எழுதுனேன். ரெண்டு நாளா தூக்கமில்ல, அவன் என்னை கிண்டல் பண்றான்னு நெனச்சேன், நாளைக்கு சரியாயிடும்னு நெனச்சேன், அவ்ளோதான். அவன் 6 வருஷம் பேச மாட்டான்னு தெரிஞ்ச ஆளு அங்க இல்லவே இல்ல, ஆனா நான் தண்டனை குடுத்துட்டு இருந்தது அந்த ஆளுக்கு.

தப்பு தப்புதான், அது பேப்பர்ல கரையல. அதனால மெசேஜ் போட்டேன், மன்னிச்சுக்கோன்னு. ரெண்டு நாள் கழிச்சு ரிப்ளை வந்துச்சு. "நீ என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்ல மச்சான். மறுநாள் வருவேன்னு பாத்தேன், நீ வரல. அதான்."

தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக்னு இன்னும் ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 1995ல எழுதுனது அப்பதான் உறைச்சுது: செஞ்சது உடனே சுடும், வருஷக்கணக்குல தங்குறது செய்யாம விட்டது.

மறுநாள் நான் ஏன் போகலன்னு யோசிச்சு யோசிச்சு பாக்குறேன். சத்தியமா ஞாபகம் வரல.