நடை ஆப்: மார்ச் குறிப்புகள்

மார்ச் 3, 2026, செவ்வாய்

நான் செய்யும் நடை ஆப்பில் ஒரு நாளைக்கு 10,000 ஸ்டெப் என்ற இலக்கு வேண்டாம். முடிவு செய்தாயிற்று. அது 1965-இல் ஜப்பானில் ‘மான்போ-கேய்’ என்ற பெடோமீட்டரை (காலடி எண்ணும் கருவி) விற்கப் பிடித்த எண். ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீயின் குழு வயதான பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 2,700 ஸ்டெப் நடந்தவர்களை விட 4,400 நடந்தவர்களுக்கு இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500-ஐத் தாண்டினால் மேற்கொண்டு குறையவில்லை. ஆகவே இலக்கு அவரவர் நடையில் இருந்துதான் வரவேண்டும்: கடந்த நாட்களின் மீடியன் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), அதோடு 500.

சராசரி எடுக்கக் கூடாது. இன்று பௌர்ணமி. கிரிவலம் போனால் 14 கிலோமீட்டர். அந்த ஒரே நாள் வாரச் சராசரியைத் தூக்கிவிடும், அடுத்த வாரம் முழுக்க இலக்கு எட்டாது. மீடியன் அசையாது.

மார்ச் 5

ஸ்டெப் எண்ணிக்கையை எங்கிருந்து எடுப்பது? கூகுள் ஃபிட் ஏபிஐக்கு (மற்ற ஆப்கள் அதன் டேட்டாவைப் படிக்கும் வழி) 2024 மே 1 முதல் புதிதாகப் பதிவு கிடையாது. ஆப்களின் உடல்நல டேட்டாவை போனில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் ஹெல்த் கனெக்ட்தான் வழி. ஆண்ட்ராய்டு 14-இல் கூடவே வருகிறது, 13-க்கும் அதற்குக் கீழும் பிளே ஸ்டோரில் தனியாக இறக்க வேண்டும். அந்தப் படியிலேயே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள் என்று பயமாக இருக்கிறது.

நல்ல செய்தி ஒன்று: பெர்மிஷன் கிடைத்த நாளுக்கு முந்தைய 30 நாள் டேட்டாவையும் படிக்கலாம். மீடியனுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், முதல் நாளே இலக்கு சொல்லிவிடலாம். ஆனால் பல போன்களில், ஸ்டெப்பை எழுதி வைக்க வேறொரு ஆப் இல்லாவிட்டால், உள்ளே ஒன்றுமே இருக்காது. அப்போது திரையில் 0.

மார்ச் 6

அந்த 0 விடமாட்டேன் என்கிறது. நடக்காதவருக்கும் 0, வாட்ச் சிங்க் ஆகாதவருக்கும் 0. ஐபோனில் இன்னும் மோசம். படிக்கும் அனுமதி மறுக்கப்பட்டதா என்பதை ஹெல்த்கிட் (உடல்நல டேட்டாவுக்கு ஆப்பிள் தரும் வழி) நம் ஆப்புக்குச் சொல்லவே சொல்லாது, டேட்டா இல்லாதது போலத்தான் காட்டும். தனியுரிமைக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட. ஆனால் காலையில் ஆறு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தவரிடம் “இன்று நீங்கள் நடக்கவில்லை” என்று சொல்லும் ஆப்பை யார் வைத்திருப்பார்கள்?

மார்ச் 9

ஹெல்த் கனெக்ட்டில் உள்ள ஸ்டெப் ரெக்கார்டுகளை நாமே கூட்டவே கூடாது. பாக்கெட்டில் போன் 4,100, கையில் வாட்ச் 4,600, கூட்டினால் 8,700. இரண்டும் அதே நடை. ஹெல்த் கனெக்ட்டிடமே மொத்தத்தைக் கேட்கும் அக்ரிகேட் அழைப்பு இந்த இரட்டிப்பைக் கழித்துத் தரும். போனின் ஸ்டெப் கவுன்டரை நேரடியாகப் படித்தால் வேறு தொல்லை: அது கடைசியாக போனை ஆன் செய்ததில் இருந்து எண்ணும், ரீஸ்டார்ட் ஆனால் மறுபடி ஆரம்பத்தில் இருந்து.

மார்ச் 10

கலோரி ஸ்கிரீன் போயிற்று. எடை தெரியாமல் கலோரி இல்லை, எடை கேட்டால் ஆட்கள் இல்லை.

மார்ச் 12

ஸ்டெப் ஒன்றுக்கு மட்டுமே பெர்மிஷன். தூக்கம், இதயத் துடிப்பு எல்லாம் பிறகு. ஹெல்த் கனெக்ட்டில் இரண்டு முறை மறுத்துவிட்டால் அனுமதி கேட்கும் பெட்டி மறுபடி வராது. செட்டிங்ஸுக்குள் போய்த்தான் திறக்க வேண்டும், யாரும் போகமாட்டார்கள். அதனால் முதலில் நம்முடைய விளக்கத் திரை, அதில் “இப்போது வேண்டாம்” பட்டன். அதைத் தொட்டால் சிஸ்டம் பெட்டியே வரக்கூடாது. அந்த இரண்டு வாய்ப்பும் அவ்வளவு விலை உயர்ந்தவை.

மார்ச் 14

குளோஸ்டு டெஸ்டிங் (அழைத்தவர்கள் மட்டும் ஆப்பைச் சோதிப்பது) தொடங்கியது. பிளே ஸ்டோரில் புதிய தனிநபர் கணக்கு என்பதால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் புரொடக்‌ஷனுக்கு, அதாவது எல்லோருக்கும் வெளியிட, விண்ணப்பிக்கவே முடியும். இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது, லிங்க்கில் போய் டெஸ்டராகச் சேர வேண்டும். சரியாக 12 பேரோடு தொடங்குவது ஆபத்து. நடுவில் ஒருவர் விலகினாலும் தொடர்ச்சி அறுந்துபோகும். 18, 20 பேராவது வேண்டும்.

மார்ச் 17

டேட்டாபேஸில் ஸ்டெப் எண்ணிக்கைக்கான நெடுவரிசையில் (column) டீஃபால்ட் 0 கூடாது, null (மதிப்பே இல்லை என்ற நிலை) அனுமதிக்க வேண்டும். எண், சுழி, தெரியாது என்று மூன்று நிலை. தெரியாத நாளில் கிராஃபில் வெற்றிடம், பார் இல்லை. ஸ்ட்ரீக் (இலக்கைத் தொடர்ந்து எட்டிய நாட்களின் வரிசை) அறுந்துபோகக் கூடாது. மீடியனில் அந்த நாள் சேராது, தெரிந்த நாட்கள் குறைந்தது நான்கு இல்லாவிட்டால் இலக்கும் கிடையாது. இது சரியாக வந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும். இன்று நிம்மதி.

மார்ச் 19

டெஸ்டர் எண்ணிக்கை 13. இறங்கிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 20

“இன்னும் 1,200 ஸ்டெப்தான்” என்ற மாலை நோட்டிஃபிகேஷன் வேண்டாம். பின்னணியில் ஹெல்த் கனெக்ட்டைப் படிக்கத் தனி பெர்மிஷன் வேண்டும். அது இல்லாமல் அனுப்பினால், கடைசியாக ஆப் திறந்தபோது இருந்த பழைய எண்ணைத்தான் சொல்லும். பின்னணி வேலைகளை ஓட்டும் ஒர்க் மேனேஜரும் 15 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடாது, போன் டோஸுக்கு (பேட்டரியைச் சேமிக்கும் உறக்க நிலை) போனால் இன்னும் தள்ளிப்போகும். ஏழு மணிக்கு என்று சொல்லிவிட்டு எட்டரைக்குத் தவறான எண்ணோடு போய் நிற்பதை விட, எண்ணே இல்லாத ஒரு வரி மேல்.

மார்ச் 24

ஏழாம் நாள் ரிட்டென்ஷன் (ஏழாம் நாளும் ஆப்பைத் திறப்பவர்களின் விகிதம்) பார்த்தே ஆகவேண்டும், ஆனால் ஆப்பைத் திறந்தார் என்பதும் நடந்தார் என்பதும் ஒன்றல்ல. உண்மையான அளவு: நான்காவது வாரத்தின் மீடியன், முதல் வாரத்தை விடக் கூடியதா? தெரியாத நாள் நிறைய உள்ளவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது?

மார்ச் 26

வாட்ச் நள்ளிரவுக்குப் பிறகு சிங்க் ஆகிறது. நேற்று இரவு “தெரியாது”, இன்று காலை 6,240. அதாவது முடிந்த நாளும் முடிந்ததல்ல. ஹெல்த் கனெக்ட் தரும் சேஞ்சஸ் டோக்கன் (கடைசியாகப் படித்த இடத்தின் அடையாளம்) வைத்து மாறியதை மட்டும் படிக்கலாம், ஆனால் டோக்கன் 30 நாளில் காலாவதி. ஒரு மாதம் ஆப்பைத் திறக்காதவருக்கு எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும். எளிய வழி, திறக்கும்போதெல்லாம் கடைசி மூன்று நாளைத் திருப்பிப் படிப்பது. மூன்று போதுமா, ஏழா? வாட்சை வாரம் ஒருமுறை மட்டும் போனோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஏழு என்றால் பழைய கிராஃப் கண்முன்னே மாறும், அதை எப்படிச் சொல்வது என்று நாளை யோசிக்க வேண்டும்.