ரூத் வரைக்கும்

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது ஞாயிறு. ஓய்வுநாள் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் எல்லாரும் கிருபையைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் மட்டும் தூணை ஒட்டி நின்றான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறவன். வழக்கமாக முதல் ஆளாகச் செருப்பைத் தேடுகிறவன்.

"டீச்சர், நான் நெதமும் ஜெபம் பண்ணுனேன். காலையில, ராத்திரி, ரெண்டு நேரமும். தாத்தா எறந்துட்டாவ. நான் எங்கயாச்சும் விட்டுட்டேனா?"

அவன் தாத்தா மே மாதம் முழுக்கப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே மே மாதம்தான் எங்கள் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. அங்கே நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவையின் உவமை. ஒரு பையனை நாற்காலியில் உட்காரவைத்து நியாயாதிபதி ஆக்கினேன். ஒரு பிள்ளைக்கு முக்காடு போட்டு விதவை ஆக்கினேன். அவள் பெஞ்சைத் தட்டத் தட்ட எல்லாரும் ஒண்ணு, ரெண்டு என்று எண்ண வேண்டும். பத்தாவது தட்டில் நியாயாதிபதி எழுந்து, "சரி, தந்தேன்" என்பான். ஒரே கைதட்டல். "பாத்தீங்களா, விடாம கேட்டா கிடைக்கும்" என்று முடித்தேன்.

இந்தப் பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். தாத்தாவுக்காகத் தட்டியிருக்கிறான். எண்ணிக்கூட இருப்பான்.

அன்றைக்கு நான் சொன்ன பதில், "தாத்தா இயேசப்பாகிட்ட போயிட்டாங்க, அங்க சுகமா இருக்காங்க" என்பது. அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அவன் கேட்டது தாத்தா எங்கே இருக்கிறார் என்பதை அல்ல. தன் ஜெபம் குறைந்துபோனதா, அதனால்தான் தாத்தா போய்விட்டாரா என்று கேட்டான். பத்து வயதுப் பிள்ளையின் தலைமேல் ஒரு சாவின் பாரத்தை ஏற்றி வைத்தது என் பாடம்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் லூக்கா 18-ஐ மறுபடி வாசித்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்துவரும் பகுதி. இருந்தும் இரண்டு விஷயங்களை நான் கவனிக்காமலே விட்டிருந்தேன். ஒன்று, அந்த நியாயாதிபதி அநீதியுள்ளவன். "இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி" தீர்ப்புச் சொல்கிறவன். தேவன் அவனைப் போன்றவர் அல்ல என்பதற்காகத்தான் இயேசு அந்தக் கதையையே சொல்கிறார். நானோ நாடகத்தில் நாற்காலியில் இருந்தவனைக் கடவுள் இடத்தில் உட்காரவைத்துவிட்டேன். தட்டிக் களைப்பாக்கினால் தருகிற கடவுள்! இன்னொன்று, அந்தப் பகுதி முடிகிற இடம். "மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ" என்ற கேள்வியோடு முடிகிறது. கேட்டது கிடைத்ததா என்று அங்கே கேட்கவில்லை. விசுவாசம் மிச்சம் இருக்குமா என்றுதான் கேட்கிறார்.

பள்ளிக்கூடத்தில் விடாமுயற்சி என்றால் பரிசில் போய் முடியும். மறுபடி மறுபடி எழுதிப் பார், மார்க் வரும். ஓடு, கோப்பை வரும். நல்ல பாடம்தான். ஆனால் அதையே விசுவாசம் என்று சொல்லிக்கொடுத்தால், முதல் அடி விழுகிற அன்றே பிள்ளையின் கையில் ஒன்றும் இருக்காது. நம் வேதாகமத்தில் இதற்கு இருக்கிற சொல் பொறுமை. "நமக்கு நியமித்திருக்கிற ஓட்டத்தில் பொறுமையோடே ஓடக்கடவோம்" என்று எபிரெயரில் வருகிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கிறது. பொறுமையாக இரு என்றால் சத்தம் போடாமல் உட்கார் என்றுதான் வீட்டில் அர்த்தம். ஓடிக்கொண்டே எப்படிப் பொறுமையாக இருப்பது?

எனக்கு ரோமர் 12-இல் உள்ள சொல்தான் உதவியது. "ஜெபத்திலே உறுதியாய்த் தரித்திருங்கள்." தரித்திருப்பது என்றால் இடத்தை விட்டுப் போகாமல் இருப்பது. முதல் தடவை சொன்னபோது ஒரு பிள்ளை, "தரித்திரமா இருக்கணுமா டீச்சர்?" என்று பயந்துபோய்க் கேட்டாள். இல்லம்மா, கூடவே இருப்பது, ஆஸ்பத்திரியில் தாத்தா பக்கத்தில் உன் அம்மாச்சி உட்கார்ந்திருந்த மாதிரி என்று அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

அடுத்த ஞாயிறு 13-ஆம் சங்கீதத்தை எடுத்தோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற வசனங்களில் அது இருப்பதே இல்லை. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். நான்கு. "என்னை மறந்திருப்பீர்" என்று கடவுளிடமே சொல்லலாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். தாவீது சொல்லியிருக்கிறாரே, அதைச் சபையார் பாடவும் செய்திருக்கிறார்களே என்றேன். யோபுவின் பொறுமை என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். நடுவில் அதிகாரம் அதிகாரமாக அவர் அழுது, வழக்காடி, தான் பிறந்த நாளையே சபித்துப் பேசுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் நிறைய கடவுளைப் பார்த்தே பேசப்பட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது பொறுமை என்றால் அதைத்தான் சொல்கிறேன்.

அதற்கடுத்த வாரம் கெத்செமனே, சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த தோட்டம். வரப்போகிற பாடுகளைப் பாத்திரம் என்று சொல்லி, அது தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டார். இயேசு ஒரே ஜெபத்தை மூன்றுதரம், அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. இதைச் சொன்னபோது அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இயேசப்பா கேட்டதும் கிடைக்கலையா?" கிடைக்கவில்லை என்றேன். அதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தான். நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் பிள்ளைகளை வேனில் இடையன்குடிக்குக் கூட்டிப்போனோம். இது நான் வருஷாவருஷம் செய்கிறது. கால்டுவெல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம், 1847-இல் தொடங்கி 1880-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 33 வருஷம். இயேசு இந்தப் பூமியில் வாழ்ந்த அளவு காலம் என்று சொன்னால் பிள்ளைகள் ஆவென்று பார்ப்பார்கள். செம்மண் தேரியும் பனையும் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் அந்தக் கோபுரம் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு நிறையும். கால்டுவெல்லை அடக்கம்பண்ணியதும் அந்த ஆலயத்துக்குள்தான். அருமையான கதை. ஆனால் இந்த முறை எனக்கு ஒன்று உறுத்தியது. இதுவும் முடிந்துபோன வேலையின் கதை. பத்தாவது தட்டில் எழுந்துவிடுகிற நியாயாதிபதி மாதிரி, 33-வது வருஷத்தில் மணி அடித்துவிடுகிறது.

திரும்பி வரும்போது வேனில், வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கதையைச் சொன்னேன். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 24 வயது வாக்கு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். பெரிய ஆள் நம்மைப்போல மணலில் எழுதினாரா! இரண்டு வருஷம் கழித்து டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சிறையில் போட்டார். நான்கு மாதம். புதிய ஏற்பாட்டை 1711-இல் மொழிபெயர்த்து முடித்தார். அச்சடிக்கிற நேரத்தில் காகிதம் போதவில்லை. எழுத்தைச் சின்னதாக வார்த்து 1715-இல் ஒருவழியாக முடித்தார்கள். அப்புறம் பழைய ஏற்பாடு. ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்தார். 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்துபோனார்.

"எது வரைக்கும் எழுதினாவ?" அந்தப் பையன்தான் கேட்டான்.

ரூத் வரைக்கும் என்றேன்.

வேனிலேயே எல்லாரும் பைபிளைத் திறந்து பொருளடக்கத்தைப் பார்த்தார்கள். ஆதியாகமத்திலிருந்து விரல் வைத்து எண்ணினால் ரூத் எட்டாவது புத்தகம். பழைய ஏற்பாட்டில் மொத்தம் 39. மிச்சத்தை யார் எழுதினார்கள் என்று கேட்டார்கள். சூல்ட்சே என்று அடுத்து வந்தவர் எழுதினார், 1728-இல் முழுதும் அச்சாகி முடிந்தது என்றேன். சீகன்பால்கு அதைப் பார்க்கவே இல்லையா? பார்க்கவே இல்லை. எபிரெயர் 11-இல் விசுவாசிகளின் பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, அவர்கள் "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்" என்று எழுதியிருப்பதை வேன் குலுங்கக் குலுங்க வாசித்தோம்.

அந்தப் பையன் கொஞ்ச நேரம் வெளியே பனைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம் அவனாகவே பேசினான். அவன் தாத்தா பனையேறி. பாளையை நாள் தவறாமல் சீவ வேண்டும், ஒரு நாள் விட்டாலும் பதநீர் குறைந்துவிடும், பிறகு நின்றே போகும் என்று தாத்தா சொல்வாராம். காய்ச்சல் வந்தாலும் ஏறுவாராம். "சில மரத்துல ஒண்ணுமே இருக்காதாம் டீச்சர். ஆனா ஏறிப் பாத்தாத்தான தெரியும்னு ஏறுவாவளாம்." பக்கத்தில் இருந்த பையன்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பற்றி ஆரம்பித்துவிட்டார்கள், பேச்சு அங்கே போய்விட்டது. எனக்கு மட்டும் அவன் சொன்னது காதிலேயே இருந்தது. இதைவிட நன்றாக நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

சில காரியங்களை மாற்றியிருக்கிறேன். வருகைக்கும் மனன வசனத்துக்கும் கொடுத்துவந்த பரிசை நிறுத்திவிட்டேன். பெற்றோர் இரண்டு பேருக்கு வருத்தம், பரவாயில்லை. ஜெபக் குறிப்பு எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முன்பு பதில் கிடைத்ததற்கு மட்டும் சிவப்பு மையில் டிக் போடுவேன். இப்போது டிக் கிடையாது. எழுதினதை அடுத்த வாரமும் வாசிக்கிறோம், அவ்வளவுதான். அந்தப் பையன் தாத்தாவின் பெயரை அடிக்கவில்லை. இப்போது அதற்குக் கீழே அம்மாச்சியின் பெயர் இருக்கிறது. வீட்டுக்குப் போனபோது அவர்கள், "ராத்திரி என்கூட உக்காந்து ஜெபம் பண்ணிட்டுத்தான் படுக்கான்" என்றார்கள்.

வருகிற ஞாயிறு பாடம் 1 சாமுவேல், முதல் அதிகாரம். ரூத்துக்கு அடுத்த புத்தகம், சீகன்பால்கு எட்டாத பக்கம். அன்னாள் மனங்கசந்து அழுது பிள்ளை கேட்கிற கதை. அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. அவன் முன்வரிசையில்தான் உட்காருவான். சாமுவேல் பிறந்ததைச் சொல்லாமல் விட முடியாது, விடவும் மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் அவள் வருஷந்தோறும் சீலோவில் இருந்த ஆலயத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாளே, அந்த வழியை முதலில் பிள்ளைகளோடு நடக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு வகுப்புக்குள் முடியாது. இரண்டு ஞாயிறு கேட்டிருக்கிறேன்.